ஹாஜரி சாரின் குறிப்புக் கட்டம்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். ஐந்து ஐம்பதுக்குக் காபி. ஆறு முதல் ஆறரை வரை மொட்டைமாடியில் நடை, முப்பத்தாறு சுற்று. ஆறு முப்பத்தைந்துக்கு நாட்குறிப்பைத் திறந்து கைப்பேசியை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு நாற்பத்தொன்றுக்கு ஹாஜரி சார் கூப்பிடுவார்.

கூப்பிடவில்லை.

இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரிய அவரைத் தெரிந்திருக்க வேண்டும். பெங்களூரில் மழை தவறும், தண்ணீர் லாரி தவறும், சிக்னலில் பச்சை விளக்கே தவறும். ஹாஜரி சார் தவறமாட்டார். உயிரோடு இருப்பதற்கு எல்லோரும் தினமும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நாளைக்கே சட்டம் வந்தால், அதை நடத்த அவர் ஒருவர் போதும். சட்டம் வரும்வரை காத்திருக்கவும் இல்லை அவர்.

பல்கலைக்கழக அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் ஹாஜரிப் புத்தகம், அதாவது வருகைப் பதிவேடு, அவர் மேஜையில்தான் இருந்தது. பத்து பத்துக்குச் சிவப்பு மையில் கோடு கிழிப்பார். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டால் அரை நாள் விடுப்பு. ஒருமுறை பதிவாளரே பத்து பன்னிரண்டுக்கு வந்து நின்றாராம்.

"நான் ரிஜிஸ்ட்ரார்ப்பா."

"தெரியும் சார். ஆனா கோடு உங்களுக்கு முன்னாடி வந்துடுச்சே."

ஓய்வு பெற்ற பிறகு கோடு கிழிக்க ஆளில்லாமல் தவித்தவர், எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் செயலாளர் ஆனார். எங்கள் சங்கத்தில் யாரும் தேர்தலில் நிற்பதில்லை. கூட்டம் நடக்கும்போது யார் வெளியே போகிறார்களோ அவரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். நூலகத்தின் அட்டவணைப் பிரிவிலிருந்து ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு பெற்று, முதல் கூட்டத்துக்குப் போய், தண்ணீர் குடிக்க எழுந்தேன். திரும்பி வந்தபோது இணைச் செயலாளர் ஆகியிருந்தேன். எழுபது தாண்டியவர்கள் நிறைந்த அந்தக் கூட்டத்தில் எனக்குக் 'குழந்தை' என்று பெயர். ஹாஜரி சாருக்கு மட்டும் நான் 'லைப்ரரி'.

சங்கத்தில் நாற்பத்திரண்டு பேர். காலை ஆறு மணிக்கு முதல் ஆள். ஆளுக்கு ஒரு நிமிடம். கடைசியாகச் சேர்ந்த எனக்கு ஆறு நாற்பத்தொன்று.

"நாப்பத்திரெண்டு?"

"ஹாஜர் சார்."

"சரி."

அவ்வளவுதான். முதல் நாள் நான் "குட் மார்னிங் சார்" என்றேன். "அது ரெக்கார்டுக்கு வேண்டாம்மா" என்றார்.

யாராவது எடுக்காவிட்டால் மூன்று முறை அடிப்பார். பிறகு பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதியிருக்கும் பக்கத்து வீட்டு உறுப்பினருக்கு உத்தரவு போகும்: "போய்ப் பாருங்க." மாதக் கூட்டம் ஒவ்வொன்றும் ஒரே அறிவிப்பில் முடியும்: "தனியா இருக்கறவங்க பாத்ரூம் தாழ்ப்பாள் போடக் கூடாது." மல்லேஸ்வரத்து இயற்பியல் பேராசிரியர் ஒருமுறை எழுந்து, "போடலேன்னா யார் சார் உள்ளே வரப்போறாங்க? நீங்க போன்லதானே வருவீங்க!" என்று கேட்டார். சபை ஐந்து நிமிடம் சிரித்தது. ஹாஜரி சார் சிரிக்காமல் அடுத்த மாதமும் அதையே அறிவித்தார்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் "ஹாஜர்" என்றதும், அவர் "சரி" சொல்வதற்கு முன் ஒரு சின்ன மௌனம். அதில் பென்சில் கீறும் ஓசை. டிக் அடிக்க அவ்வளவு நேரம் ஆகாது. ஏதோ எழுதுகிறார். கேட்டேன்.

"குறிப்புக் கட்டம்மா அது."

"என்ன குறிப்பு சார்?"

"ஆபீஸ் யூஸுக்கு."

அட்டவணை போட்டே பழகியவளுக்கு, என்ன இருக்கிறது என்று தெரியாத கட்டம் பல்வலி மாதிரி. பதினோரு மாதம் பொறுத்தேன்.

நடுவில் ஒருநாள் இரண்டாவது முறை கூப்பிட்டார். "லைப்ரரி, கமலம்மா வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வாம்மா." தேர்வுப் பிரிவில் இருந்த கமலம்மா, லிங்கராஜபுரத்தில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர். பட்டியலில் நாற்பத்தொன்று.

"ஹாஜர் சொல்லலையா சார்?"

"சொன்னாங்க. ஆனா சரியில்ல."

ஓடினேன். கமலம்மா கல்லு மாதிரி உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எனக்கென்ன கேடு? ரேடியோவுக்குத்தான் பேட்டரி தீந்துபோச்சு" என்றார். திரும்பி வந்து, நலமாக இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். "பேட்டரி வாங்கிக் குடுத்தியா?" என்று கேட்டார் ஹாஜரி சார். நான் பேட்டரியைப் பற்றிப் பேசவே இல்லை.

இப்படிப்பட்டவர் அந்தச் செவ்வாய்க்கிழமை கூப்பிடவில்லை.

ஆறு ஐம்பது வரை காத்திருந்தேன். முந்தின நாள் வாயில் பிரஷ்ஷோடு "ஆங்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. பெயரை அடித்துவிட்டாரோ? கமலம்மாவைக் கூப்பிட்டேன்.

"எனக்கும் வரலம்மா. போன கூட்டத்துல இட்லி கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னேன் பாரு, அந்தக் கோவம். அவரா கூப்பிடட்டும், நான் கூப்பிட மாட்டேன்."

பட்டியலில் முதல் ஆளான இயற்பியல் பேராசிரியரைக் கூப்பிட்டேன்.

"ஹௌதா, அப்படியா? உங்களுக்கும் வரலையா? வாரத்துக்கு ஒருநாள் ஹாஜரி போதும்னு லெட்டர் குடுத்தேன். என்னை மட்டும் கட் பண்ணிட்டார்னு நினைச்சேன்."

"சார், ஒண்ணாம் நம்பருக்கே வரலைன்னா..."

அவர் மெதுவாகக் கேட்டார். "குழந்தை, அவருக்குப் பக்கத்து வீடுன்னு யாரை எழுதியிருக்கு?"

யாரையும் எழுதவில்லை. நாற்பத்திரண்டு பேர் பட்டியலில் அவர் பெயரே கிடையாது. எல்லோரையும் எண்ணுகிறவரை எண்ண யாருமில்லை. ஒரு சங்கமே ஆளுக்கு ஒரு குற்றத்தை நினைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு வீட்டில் கோபித்து உட்கார்ந்திருந்தது.

ஹாஜரி சாருக்கு மூன்று முறை அடித்தேன். எடுக்கவில்லை. ஆறு ஐம்பத்தெட்டுக்கு ஆட்டோ. ஏழு பதினான்குக்குக் காக்ஸ் டவுனில் அவர் வீடு. பால் பாக்கெட் உள்ளே போயிருந்தது, கதவு சும்மா சாத்தியிருந்தது. மேஜையில் பதிவேடு, அன்றைய தேதி, கூராகச் சீவிய பென்சில். நாற்பத்திரண்டு கட்டமும் காலி.

"சார்!"

குளியலறையிலிருந்து குரல் வந்தது. "யாரு?"

"நாப்பத்திரெண்டு சார்."

"தாழ்ப்பாள் போடல. தள்ளு."

தள்ளினேன். வேட்டியும் பனியனுமாக ஈரத் தரையில் கிடந்தார். இடது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"மணி என்னம்மா?"

"ஏழு பதினாலு சார்."

"எழுபத்திநாலு நிமிஷம் லேட்டா!" என்று முனகினார். வலியால் இல்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "புக்கை எடுத்துக்கோ. இன்னிக்கி ஹாஜரி விட்டுப்போகக் கூடாது."

அவரை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தேன். குறிப்புக் கட்டம் கண்ணில் பட்டது.

எதிர்முனையில் கேட்ட சத்தங்களை எழுதி வைத்திருந்தார். கமலம்மா: 'ரேடியோ.' ஒருநாள் மட்டும்: 'ரேடியோ இல்லை.' பேராசிரியர்: 'வாக்கிங் செருப்பு.' போன வாரம்: 'செருப்பு இல்லை. முழங்கால்?' பதினேழாம் எண்: 'ஊஞ்சல்.' இருபத்தொன்பது: 'மருமகள் குரல். பரவாயில்லை, சிரிப்பு.' என் பெயருக்கு எதிரே, பக்கத்துக்குப் பக்கம்: 'பேனா மூடி.' பேசிக்கொண்டே நாட்குறிப்புப் பேனாவைத் திறக்கிற சத்தம்.

ஜூனில் ஒருநாள்: 'மூடி இல்லை. தொண்டை கட்டியிருக்கிறது.'

அது என் அண்ணன் இறந்து மூன்றாம் நாள். அன்று நான் எதுவும் எழுதவில்லை. அன்று மதியம் ஹாஜரி சார் என் வீட்டுக்கு வந்து, ஒரு பழைய புத்தகத்தின் அட்டவணை எண் வேண்டும் என்று கேட்டு, இரண்டு காபி குடித்து, எண்ணை எழுதிக்கொள்ளாமலே போனது நினைவுக்கு வந்தது.

எல்லோரையும் கூப்பிட்டு முடிக்கப் பதினொரு மணி ஆனது. ஆளாளுக்கு ஒரு மன்னிப்பு வைத்திருந்தார்கள். மாலையில் பதினெட்டுப் பேர் வந்தார்கள். "ஒரு தடவைக்கு ரெண்டு பேர்தான்" என்றார் நர்ஸ். யாரும் சொல்லாமலே பட்டியல் வரிசைப்படி நின்றார்கள். கமலம்மா சுமந்து வந்த இட்லி பஞ்சு மாதிரி இருந்தது. அறுவை சிகிச்சை முடிந்த அவரைச் சாப்பிட விடவில்லை. நாங்கள் சாப்பிட்டோம்.

நவம்பர் 13, புதன்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். காபிக்கு முன்பே, பதிவேட்டில் ஒன்றாம் எண்ணுக்கு மேலே ஒரு புது வரி கோடு போட்டு, அவர் பெயரை எழுதினேன். 'பக்கத்து வீடு' என்ற இடத்தில் என் பெயர். ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு, ஆஸ்பத்திரியில் அவர் தலையணைக்கு அருகே நான் வைத்துவிட்டு வந்த அவர் கைப்பேசிக்குக் கூப்பிட்டேன்.

"ஹாஜரா சார்?"

இத்தனை வருடத்தில் அவரை யாரும் இதைக் கேட்டதில்லை.

"ஹாஜர்ம்மா."

அதற்குப் பின்னால் வேறொரு ஓசை. காதை அழுத்திக் கேட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, எதன்மேலோ எழுதிக்கொண்டிருக்கிறார். குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: 'பென்சில்.'