ஓடாத கடிகாரம் காணாமல் போன விவகாரம்

ஓடாத கடிகாரத்தைக் காசு கொடுத்து வாங்குவது எந்தச் சட்டத்தின்படியும் குற்றமல்ல. ஓவிய வாத்தியார் அதை நம்பித்தான் வாங்கினார்.

அவர் சேர்ப்பது பழைய குரோனோகிராஃப் கைக்கடிகாரங்கள். சாவி கொடுத்தால் ஓடும். பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் பந்தயத்துக்கு நேரம் அளக்கும். வாத்தியார் சம்பளத்துக்கு மலிவானவைதான் கட்டுப்படியாகும். அவருக்கு ஆனந்தம் முகப்பில் இல்லை. முதுகைத் திறந்து இயந்திரத்தைப் பார்ப்பதில்தான். "வீடு நிறையக் கடிகாரம், மணி கேட்டா செல்போனைப் பார்க்கிறார்" என்பார் அவர் மனைவி.

மலிவுக் கடிகாரங்களில் பொத்தானுக்குக் கீழ்ப்படிய வெறும் தகடு ஒன்று இருக்கும். உசத்தியானவற்றில் கோட்டைக் கொத்தளம் போல ஒரு குட்டிச் சக்கரம் நிற்கும். மலிவுக்குப் பேர்போன ஒரு தொழிற்சாலையும் கொஞ்ச காலம் அந்தச் சக்கரத்தை வைத்தது என்று வாத்தியார் சேகரிப்பாளர் குழுவில் எழுதினார். குழு சிரித்தது. இனி மானப் பிரச்சினை. வெளிநாட்டிலிருந்து அந்தத் தொழிற்சாலையின் ஓடாத கடிகாரம் ஒன்றை வரவழைத்தார்.

பார்சல் சோதனை அலுவலகத்தில் அது நின்றது. அதிகாரி காதருகே வைத்துக் கேட்டார்.

"ஓடலையே?"

"ஓடாதுங்க. நான் சரிபண்ணிக்குவேன்."

"ஓடாட்டி இது பழைய இரும்பு. பழைய இரும்பு தபால்ல வரக் கூடாது. ஓட வச்சுக் காட்டுங்க, கடிகாரம்னு எழுதிக் குடுத்துடறேன்."

"அப்ப குடுங்க, ஓட வைக்கிறேன்."

"கடிகாரம்னு தெரியாம எப்படிக் குடுக்கிறது?"

அதிகாரி கெட்டவர் அல்ல. யோசித்து வழியும் சொன்னார்: பொருள் வெளியே போக முடியாது, வாத்தியார் உள்ளே வரலாம். பள்ளி விடுமுறை விட்டதும் வாத்தியார் லென்ஸும் இடுக்கியுமாக வந்து அதிகாரியின் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். முதுகைத் திறந்தார். உள்ளே அந்தக் கொத்தளச் சக்கரம் நின்றது. லென்ஸை அதிகாரியிடம் நீட்டினார்.

குனிந்த அதிகாரி நிமிரவில்லை. பிறகு தலைமை எழுத்தர் குனிந்தார். பிறகு அலுவலகமே குனிந்தது. காத்திருந்த பொதுமக்களுக்கு அலுவலகத்தின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

உறைந்த எண்ணெயைச் சுரண்டித் துடைத்ததும் கடிகாரம் ஓடியது. வாத்தியார் கை நீட்டினார். அதிகாரியின் முகத்தில் கவலை.

"வந்தது ஓடாதது. இது ஓடுது. அப்ப வந்தது எங்கே?"

"அதுதாங்க இது."

"இரும்பு வந்துச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் வாத்தியாரே. இரும்பைக் காணோம்னா ரெண்டு பேருக்கும் சிக்கல்."

விவகாரம் மேலிடம் போனது. வெளியாள் அலுவலகத்துக்குள் பழுது பார்த்தால் குற்றம், உள்ளாள் பார்த்தால் ஆராய்ச்சி என்று மேலிடம் தெளிவுபடுத்தியது. எனவே வாத்தியார் 'மதிப்புறு காலக்கருவி ஆய்வு வல்லுநர்' ஆக, முன்தேதியிட்டு, சம்பளமின்றி நியமிக்கப்பட்டார். நாற்காலி உண்டு. கடிகாரமும் கைக்கு வந்தது. படத்தைப் பார்த்த குழு, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டது.

அதற்குள் அலுவலகத்தில் எல்லோர் கையிலும் பழைய கடிகாரம் ஏறியிருந்தது. எந்த இரண்டும் ஒரே மணி காட்டவில்லை. எது முதலில் ஐந்தைத் தொட்டதோ அதுவே அலுவலக நேரம் என ஏகமனதாக ஏற்கப்பட்டது.

ஒருநாள் ஒரு தையல்காரர் தமக்கு வந்த பழைய கடிகாரத்தைக் கேட்டு வந்தார். வல்லுநர் வாத்தியார் அதன் முதுகைத் திறந்தார். அவரே படத்தில்கூடப் பார்த்திராத இயந்திரம். கண்ணிலிருந்து லென்ஸை எடுக்காமலே, இது ஆராய்ச்சிக்குரியது, கொஞ்ச காலம் இங்கேயே இருக்கட்டும் என்றார்.

தையல்காரர் கொதித்துப்போனார். ஒரு ஆராய்ச்சியும் வேண்டாம், என் பொருளைக் கொடுங்கள் என்று மேசையைத் தட்டினார். வாத்தியார் அவர் கையில் லென்ஸைக் கொடுத்தார்.

தையல்காரர் குனிந்தார். நேரம் போயிற்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். அவர் நிமிராமலே சொன்னார்:

"கொஞ்சம் பொறுங்க. இங்கே வேலை நடக்குதில்ல?"