பெ. வீட்டு ஆட்டுத்தொடை

மூலான் நகரம்,
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் முசியே லெரிடான் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அச்சகமும் நலமாயிருக்க வேண்டும். நான் நலமாக இல்லை. காரணம் தங்கள் அச்சகம்தான்.

எங்கள் ஊர் எழுத்தாளர், காலஞ்சென்ற வராம்போனின் நாட்குறிப்பை வெளியிட்டீர்கள், சந்தோஷம். இலக்கியம் என்கிறார்கள், ஒரு காலத்தின் ஆவணம் என்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நாகரிகம் கருதி ஆட்களின் பெயரையெல்லாம் முதலெழுத்தாகச் சுருக்கினீர்களே, அதுதான் என் குடியைக் கெடுத்தது. "பெ. வீட்டில் விருந்து. ஆட்டுத்தொடை வேகவே இல்லை. வாசலில் பெ. என் காதோடு சொன்னார்: என் மனைவி சமைத்தால் வந்தவன் மறுபடி வரமாட்டான், எங்களுக்குச் செலவு மிச்சம்." இதைப் படித்த ஊர் நேரே என் முகத்தைப் பார்க்கிறது. ஏன் ஐயா? பெர்த்தலோ என்கிற நான் ஒருத்தன்தானா பெ.? எதிர்வீட்டு மருந்துக்கடை பெஸ்னார் என்ன, வே.யா?

என் மனைவி லெயோந்தின் அந்தப் பக்கத்தைப் படித்ததிலிருந்து என்னை 'நீங்கள்' என்கிறாள். கல்யாணம் ஆன நாள் முதல் நீ, வா, போ என்று அன்பாக இருந்தவள்! "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுங்களா?" என்று அவள் கேட்டால் நான் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறேன். எங்கள் பக்கம் பெண்டாட்டி மரியாதை கொடுக்க ஆரம்பித்தால் அடுத்தது வக்கீல் வீடுதான்.

வெளியே போனாலாவது நிம்மதி உண்டா என்றால், கறிக்கடைக்காரன் கத்தியைத் தீட்டிக்கொண்டே "முசியே, வீட்டுக்கா, விருந்தாளிக்கா?" என்கிறான், பின்னால் நிற்கிறதுகள் எல்லாம் சிரிக்கிறதுகள், பாதிரியாரோ பூசையில் விருந்தோம்பலைப் பற்றிப் பேசி என்னையே பார்க்கிறார், இது போதாதென்று இன்று பாரிஸிலிருந்து பேராசிரியர்கள் ரெண்டு பேர் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "பெ.யின் சாப்பாட்டு மேசையைத் தரிசிக்கலாமா? இந்த மாகாணத்து வாழ்க்கைக்கே அது சாட்சி" என்று நிற்கிறார்கள். "வீடு மாறி வந்துட்டீங்க, பெ. எதிர்த்த வீடு" என்று தள்ளிவிட்டேன். பெஸ்னார் சண்டைக்கு வருவார் என்று திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே அவர்களை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே, இரண்டாம் பதிப்பில் "பெ. என்பவர் முசியே பெர்த்தலோ அல்லர்" என்று ஓர் அடிக்குறிப்பு போட்டே ஆகவேண்டும். போடாவிட்டால் நீதிமன்றத்தில் சந்திப்போம். லெயோந்தின் பயணப்பெட்டியை வேறு தூசி தட்டி வைத்திருக்கிறாள், ஐயா.

என் கோபம் போக மிச்சமிருக்கும் உயர்ந்த மரியாதையை ஏற்றுக்கொள்ளுங்கள். என் மனைவியின் வணக்கத்தையும் சேர்த்திருப்பேன். கேட்கப் பயமாக இருக்கிறது.

தங்கள் பணிவுள்ள,
அனாத்தோல் பெர்த்தலோ,
ஓய்வுபெற்ற நில அளவையாளர்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், எதிர்வீட்டில் ஒரே கூட்டம். ஜன்னல் திறந்திருந்தது. மதாம் பெஸ்னார் பேராசிரியர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே, "ஆமாங்க, அந்த ஆட்டுத்தொடை இந்தக் கையால செஞ்சதுதான்! அன்னிக்கு வராம்போனுக்குப் பல்லு சரியில்ல, பாவம்" என்கிறாள். லெயோந்தின் காதில் விழுந்துவிட்டது. ஏப்ரனைக் கழற்றி என் மேசைமேல் எறிந்தாள். "வராம்போன் என் மேசையில உக்காந்து, என் ஆட்டுத்தொடையைக் கடிக்க முடியாமத் தவிச்சாரு! வெந்தாலும் வேகாட்டியும் அது நான் சமைச்சது! அதைத் தூக்கி அவளுக்குக் குடுத்துட்டியே, மரமண்டை! உக்காரு. எழுது நீ!"

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். பெ. நான்தான். வாசலில் சொன்னதும் நான்தான். பெயரை முழுசாக, பெரிய எழுத்தில் போடுங்கள். அவள் பெயரையும் போடுங்கள். என்னை 'நீ' என்று சொல்லிவிட்டாள், ஐயா.