வா என்றால் போகும் நாய்

“இதிலை வேற நிறம் இருக்கோ?” என்று கேட்ட பிறகுதான், தான் நாய்க் காப்பகத்தில் நிற்பது குணரத்தினத்துக்கு நினைவு வந்தது. நல்லவேளை, தமிழில் கேட்டிருந்தார். காப்பகத்துப் பெண் சாண்ட்ரா புன்னகை மாறாமல் நின்றாள். மனைவி யோகராணி மட்டும் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் ஒரு சேலைக்கடையில் பதினெட்டு வருடமாக நிற்கிறவர் குணரத்தினம். நாற்பது சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறோம் என்று எழும்பிப் போகிறவர்களையும் சிரித்த முகத்தோடு அனுப்பி வைப்பார். அவர்கள் பட்ட அவதி அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. ஒரு நாய் கன்றுக்குட்டி அளவு இருந்தது. ஒன்று மயிர் உதிர்த்தது. ஒன்று விடாமல் குரைத்தது. ஒன்று குரைக்கவே இல்லை, அது இன்னும் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மரக்கறிதான், அது இந்த நாய்க்குச் சரிவருமா என்று கேட்கச் சொன்னாள் யோகராணி. மகள் தர்மிளா அதை மொழிபெயர்க்க முடியாது என்று மறுத்துவிட்டாள்.

நாய் வேண்டியிருந்தது தர்மிளாவுக்காகத்தான். மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்குக் கிட்ட இந்த வீடு கிடைத்து மூன்று மாதம். அதுவரை மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தவர்கள். இங்கே பத்து வயதுப் பிள்ளைக்குத் தனி அறை, மேசை, யன்னல் எல்லாம் இருந்தன. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து, நாலரையிலிருந்து ஏழு மணி வரை வீட்டில் தனியே இருக்கமாட்டேன் என்றுவிட்டாள். யோகராணிக்கு அலுவலகங்களில் துப்புரவு வேலை அந்த நேரத்தில்தான். புத்தகப் பையைக் கட்டிப் பிடித்தபடி பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதை மூன்று தடவை கண்டுவிட்டாள். ஏன் என்று கேட்டால், “வீடு என்னைப் பார்க்குது” என்று பிரெஞ்சில் சொல்வாள். யோகராணி வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டும். பிறகு பழையபடி ஒரே அறைதான். துணைக்கு ஒரு நாய் இருந்தால் பிள்ளை வீட்டில் இருப்பாள் என்று குணரத்தினம் கணக்குப் போட்டார்.

கடைசிக் கூட்டில் ஒரு கறுப்பு நாய் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தது. ஒன்பது வயது, வளர்த்தவர் இறந்துபோனார், வந்து ஆறு மாதமாகிறது, இதுவரை யாரையும் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை என்றாள் சாண்ட்ரா. உட்காரச் சொல்லி “அஸீ, அஸீ” என்று மூன்று தடவை பிரெஞ்சில் கட்டளை போட்டாள். நாய் கூரையைப் பார்த்தது. காது கொஞ்சம் மந்தமாக இருக்கலாம் என்று அவள் சமாளித்தாள்.

அப்போதுதான் அது எழும்பியது. கம்பிக் கதவைத் திறந்ததும் நேரே வந்து குணரத்தினத்தின் சப்பாத்தை மணந்தது. கோட்டின் ஓரத்தை மணந்தது. யோகராணியின் பையை மணந்தது. பிறகு நாடியை அவருடைய சப்பாத்தின் மேல் வைத்து ஒரு பெருமூச்சு விட்டது. சாண்ட்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் தேடவேண்டாம், அது உங்களைத் தெரிந்தெடுத்துவிட்டது என்றாள்.

குணரத்தினத்துக்கு அது புதிதல்ல. சில சேலைகள் ஆளைப் பிடித்துவிடும், அதன் பிறகு வேறு எதைக் காட்டினாலும் எடுபடாது. பதினைந்து நாள் வைத்துப் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொண்டுவரலாம் என்ற ஏற்பாட்டில் ஒப்பம் வைத்தார். காப்பகத்தில் அதற்கு வைத்திருந்த பெயர் பிஜூ.

வீட்டுக்கு வந்ததும் குணரத்தினம் செற்றியில் சாய்ந்து, தொடையில் தட்டி, “பிஜூ, வா” என்றார்.

நாய் அவரைப் பார்த்தது. திரும்பியது. முன்னறையைக் கடந்து யன்னலோர மூலைக்குப் போய், அந்த மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்தது.

அந்த இடத்தில் மரத் தரையில் நாலு வட்டக் குழிகள் இருந்தன. இவர்கள் வரும்போதே இருந்தவை. யோகராணி என்னென்னவோ போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நாய் அந்தக் குழிகளுக்கு முன்னால் தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வாலை ஆட்டியது. குணரத்தினம் மறுபடியும் வா என்றார். அது இன்னும் ஒரு அடி மூலைக்குக் கிட்டப் போனது. அதன் காதுகள் இரண்டும் மெல்லப் பின்னால் மடிந்தன, யாரோ தலையைத் தடவிக் கொடுப்பது போல.

“சரி, போ” என்றார் அலுத்துப்போய். உடனே எழும்பி வந்து அவர் மடியில் தலையை வைத்தது.

அன்றிலிருந்து அதுதான் கதை. வா என்றால் மூலைக்குப் போகும். போ என்றால் இவர்களிடம் வரும். விருந்தாளியைப் பார்த்து “வாங்கோ, வாங்கோ” என்றால், வந்தவரை விட்டுவிட்டு மூலைக்குப் போய் உட்காரும். கடையில் கூட வேலை செய்யும் கரிகாலன் நாய் பார்க்க வந்தவர், இந்த வரவேற்பைக் கண்டு பாதித் தேநீரோடு எழும்பினார். வாசலில் நின்று “போட்டு வாறன்” என்று விடைபெற்றார். நாய் ‘போட்டு’வுக்கு இரண்டு அடி முன்னால் வந்து, ‘வாற’னுக்குத் திரும்பி மூலைக்கே போனது. கரிகாலன் மின்தூக்கிக்குக் காத்திராமல் மூன்று மாடியும் படியால் இறங்கினார். அடுத்த நாள் கடையில், நாய்களுக்குச் சிலது தெரியும் அண்ணை என்று மட்டும் சொல்லி, அதற்கு மேல் பேச மறுத்துவிட்டார்.

யோகராணி அந்த மூலைச் சுவரில் முருகன் படத்தை மாட்டி, சின்ன மின்விளக்கும் போட்டாள். நாய் இப்போது படத்துக்கு முன்னால் உட்கார்ந்தது. அவளுக்கு உடம்பு புல்லரித்துப் போயிற்று. பியர்ஃபித்திலிருக்கும் தங்கை கஜந்தினியைக் கூப்பிட்டு வீடியோ எடுக்கச் சொன்னாள். வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்த கஜந்தினிதான், நாய் படத்தைப் பார்க்கவில்லை என்பதைக் கண்டாள். படம் உயரத்தில் இருந்தது. நாயின் பார்வை அதற்கு எவ்வளவோ கீழே, ஒரு ஆள் கதிரையில் இருந்தால் முகம் வரும் உயரத்தில் நின்றது. கஜந்தினி இருட்ட முதல் வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். அப்போது மத்தியானம் இரண்டு மணி.

குணரத்தினத்துக்கு ஒரு யோசனை வந்தது. மூலை இருந்தால்தானே மூலைக்குப் போகும் என்று, உடுப்பு அலுமாரியைத் தள்ளிக் கொண்டுபோய் அங்கே இறுக்கி வைத்தார். இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. ஆனாலும் திருப்தியோடு செற்றியின் ஒரு முனையில் உட்கார்ந்து, “இப்ப வா, பாப்பம்” என்றார்.

நாய் அலுமாரியைப் பார்த்தது. பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு செற்றிக்கு வந்தது. குணரத்தினத்திடம் அல்ல. அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த மற்ற முனைக்கு. அங்கே உட்கார்ந்து தலையை நிமிர்த்தியது. காதுகள் பின்னால் மடிந்தன.

குணரத்தினம் சத்தம் வராமல் எழும்பினார். நாரிப் பிடிப்பு இருந்த இடம் தெரியவில்லை. அரை மணி நேரத்துக்குள் அலுமாரி பழைய இடத்துக்குப் போய்விட்டது, தனியாகவே தூக்கினார் என்று யோகராணி பிறகு பலருக்குச் சொன்னாள்.

தர்மிளா இப்போது படிக்கட்டில்கூட இருப்பதில்லை. கட்டிடத்தின் கீழ்வாசலில், தெருவோரம், குளிரில் நின்றாள். வெள்ளிக்கிழமை யோகராணி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

“நாளைக்கு நாயைக் கொண்டுபோய் விடுங்கோ. திங்கட்கிழமை நான் வேலையிலை சொல்லுறன், இனி வரமாட்டன் எண்டு. தெருவிலை நிக்கிற பிள்ளையை விட்டிட்டு எனக்கு வேலை ஓடாது.”

குணரத்தினம் ஓம் என்று தலையாட்டினார். 

சனிக்கிழமை காலை கழுத்துப்பட்டியை மாட்டி, வாசலில் நின்று கெஞ்சினார்.

“வா, பிஜூ. வா ராசா, வா.”

நாய் கயிற்றையும் இழுத்துக்கொண்டு மூலைக்குப் போனது. தர்மிளா தன் அறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். பயந்தாளே தவிர, அதற்குள் நாயில் பிடிப்பு வந்துவிட்டது. தகப்பன் பத்தாவது தடவையாக வா என்றபோது அவளுடைய அழுகை நின்றது. மூக்கைத் துடைத்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

“அப்பா, அது பிரெஞ்சு நாய். பிரெஞ்சிலை ‘வா’ எண்டால் போ எண்டு அர்த்தம்.”

குணரத்தினம் வாசலை விட்டு உள்ளே வந்தார். யோகராணி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அப்ப போ எண்டால்?”

“‘போ’ எண்டால் வடிவானவன். நீங்கள் போ போ எண்டேக்கை, அது தன்னை வடிவு எண்டு சொல்லுறீங்கள் எண்டு நினைச்சு வருது.”

இருபது வருடம் பிரெஞ்சு மண்ணில் இருந்தும் இது தனக்குத் தோன்றவில்லையே என்று குணரத்தினத்துக்கு வெட்கமாகவும், அதைவிடப் பெரிய ஆறுதலாகவும் இருந்தது. சோதித்துப் பார்த்தார்கள். மூலையிலிருந்த நாயிடம் தர்மிளா சுத்தமான பிரெஞ்சில் போ என்றாள். ஓடி வந்தது. வா என்றாள். மூலைக்குப் போனது. உற்சாகத்தில் அஸீ என்றும் சொல்லிப் பார்த்தாள். கூரையைப் பார்த்தது. வயது போனதுதானே, எல்லாம் நினைவிராது என்று மூவரும் சேர்ந்து அதை மன்னித்தார்கள். காதுகளையும் செற்றியையும் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. வயிறு நோகச் சிரித்துக்கொண்டிருக்கும்போது யார்தான் அதையெல்லாம் கேட்பார்கள்?

பிஜூ தங்கிவிட்டது. வீட்டில் வா என்ற சொல்லுக்குத் தடை வந்தது. சாப்பிட வா என்பதற்குப் பதிலாகச் சாப்பாடு ஆறுது என்றாள் யோகராணி. நாயைக் கூப்பிட அவள் போ என்று கத்த, குணரத்தினம் இரண்டு தடவை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டுத் திரும்பினார். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், தர்மிளா பள்ளிக்கூடம் விட்டு நேரே வீட்டுக்கு வந்தாள். ஏழு மணிக்குத் தாய் வரும்போது முன்னறையில் படுத்திருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருப்பாள், அதுவும் யன்னலோரத்தில்.

“தனிய இருக்கப் பயமில்லையோ, பிள்ளை?”

“நாங்கள் தனிய இல்லையே, அம்மா.”

யோகராணி நாயின் தலையைத் தடவினாள். அவள் வேலையை விடவில்லை. அன்றிரவு சாப்பிடும்போது, சரியான நாயைத் தெரிந்தெடுப்பது எப்படி என்று குணரத்தினம் ஒரு சொற்பொழிவே நடத்தினார்.

நாய் வந்த பிறகு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பகல் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு மரி-லூயிஸ் என்று ஒரு பாண்டிச்சேரி அம்மா. துலூஸில் மகளின் பிரசவத்துக்குப் போய் ஐந்து மாதம் கழித்துத் திரும்பியவர். கீழே தபால்பெட்டியில் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டு, ஒரு தட்டில் கேக்கோடு வந்திருந்தார். வாங்கோ என்று சொல்ல வாயெடுத்த யோகராணி, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே கை காட்டினாள்.

அதற்குள் நாய் பாய்ந்துவிட்டது. அந்தப் பாண்டிச்சேரி அம்மாவின் காலடியில் புரண்டு, முனகி, வயிற்றைக் காட்டியது. கேக் தட்டு சரிந்தது.

“அட கறுப்பா, நீயா? எப்படிடா திரும்பி வந்த?”

கறுப்பு நாயைக் கறுப்பா என்பதில் குணரத்தினத்துக்கு விசேஷம் எதுவும் தெரியவில்லை. புது ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் தன் கதையை முதலிலிருந்து சொன்னார். காப்பகம், மூலை, பிரெஞ்சு நாய், வா என்றால் போ. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் வரவில்லை. சரியாகச் சொல்லவில்லைப் போலிருக்கிறது என்று நினைத்து, “இஞ்சை பாருங்கோ அக்கா” என்று நாயிடம் வா என்றார்.

நாய் மூலைக்குப் போய், நாலு குழிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, வாலை ஆட்டியது. காதுகள் பின்னால் மடிந்தன.

மரி-லூயிஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

“இதுக்கு எங்க தம்பி பிரெஞ்சு தெரியும்? இது மடுத்தீன் ஐயா வளர்த்த நாய். உங்க ஊர்க்காரர்தான், உங்களுக்கு முன்னால இந்த வீட்ல இருந்தவர். வந்து முப்பது வருஷமாச்சி, ஒரு வார்த்த பிரெஞ்சு பேசமாட்டார். நாயோடகூட தமிழ்தான். அந்த மூலையில நாற்காலி போட்டு உக்காந்திருப்பார். வான்னா கிட்ட வரும், போன்னா எழுந்து போயிடும். அதுக்குத் தெரிஞ்ச பாஷ அவ்ளோதான். உயிர் போனதும் அந்த நாற்காலியிலதான். தீயணைக்கிற பொம்பியேக்காரங்கதான் வந்து நாயப் பிடிச்சிட்டுப் போனாங்க. வீட்டு வாசன உங்க மேல இருந்திருக்கும், பாவம், கண்டுபிடிச்சிருக்கு.”

 உள்ளறையில் தர்மிளா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். குணரத்தினம் தரையிலிருந்த நாலு குழிகளையும் எண்ணினார். செற்றியின் மற்ற முனையை நினைத்தார். நாலரையிலிருந்து ஏழு வரை யன்னலோரத்தில் படுத்திருக்கும் பிள்ளையை நினைத்தார்.

யோகராணிதான் கடைசி நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“தமிழ் தெரியுமெண்டால், நாங்கள் வா எண்டு கூப்பிட ஏனக்கா எங்களிட்டை வராமல் அங்கை போகுது?”

மரி-லூயிஸ் மூலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“போவலையேம்மா. வருது.”