காரணம் சொல்லாமல் மறுக்கும் உரிமை

சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறவனைவிடப் பெரிய அறிவாளி உலகத்தில் கிடையாது. கோர்ட்டில் கால் வைத்த மறுநாள் தெளிந்துவிடும். எனக்கு அதற்கும் முன்னாலேயே தெளிய வைத்துவிட்டார்கள்.

சிதம்பரத்தில் அந்த வருடம் ஒரு போட்டி. இரண்டு அணிகள், இரண்டு கற்பனை நாடுகள். குற்ற வழக்கில் ஒரு நாடு கேட்கிற சாட்சியத்தையும் ஆவணத்தையும் இன்னொரு நாடு கொடுத்து உதவுவதற்கு ஒப்பந்தம் பேச வேண்டும். எந்தெந்தக் காரணத்துக்காக உதவ மறுக்கலாம் என்பதுதான் காலைப் பேச்சு. மத்தியானம் அதே ஒப்பந்தத்தை வைத்து ஒரு வழக்கு. நடுவர், கடலூரில் பெயர்பெற்ற கிரிமினல் வக்கீல். ஜெயிக்கிறவர் படிப்பு முடிந்ததும் அவர் ஆபீசில் ஜூனியர். அந்த இடத்துக்காக நான் உயிரையே விட்டிருப்பேன். (பெண்ணாடத்திலிருந்து மாமாவை வேறு வரவழைத்து முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தேன். அடக்கம் அப்போது என் பாடத்திட்டத்தில் இல்லை.)

எதிர் அணியில் செல்வி. அரசியல் குற்றமென்றால் மறுக்கலாம், தங்கள் நாட்டில் அது குற்றமே இல்லையென்றால் மறுக்கலாம் என்று நியாயமாகப் பேசினாள். எனக்கு நியாயம் போதவில்லை. "எங்கள் நாட்டு நலனுக்கு ஆகாது என்று நாங்கள் நினைத்தால் போதும், காரணமே சொல்லாமல் மறுப்போம்" என்று மேசையைத் தட்டினேன்.

என் அணியிலிருந்த பரங்கிப்பேட்டை ரஃபீக் காதைக் கடித்தான். "வேணாம் மச்சான். ஒப்பந்தம்னா ரெண்டு பக்கத்துக்கும்தான். நாளைக்கு நாமளும் போய்க் கேட்டு நிப்போம்டா."

"நாம ஏன்டா கேக்கப் போறோம்? அவுங்கதான் வந்து கெஞ்சுவாங்க." (எந்த ஆதாரத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.)

செல்வி ஒரு தடவை என்னைப் பார்த்தாள். "சரிங்க, அப்டியே எழுதிக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். மடையன்!

மத்தியானம் நடுவர் வழக்குக் கவரைப் பிரித்தார். எங்கள் நாட்டு ஆற்றில் விஷக் கழிவைக் கொட்டிய ஆலை முதலாளி. ஆதாரம் முழுக்க செல்வியின் நாட்டில். கேட்டு வாங்க வேண்டியவன் நான்.

கேட்டேன். "மறுக்கிறோம்" என்றாள்.

"என்ன காரணம்?"

"சொல்ல மாட்டோம்ங்க. அஞ்சாவது பிரிவு. நீங்க கேட்டு எழுதினதுதான்."

"இது அநியாயம்!" என்று கத்தினேன். குரல் வேறு கீச்சென்று போனது.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "அநியாயம்தான் தம்பி. யார் எழுதுனது?"

ஹாலே சிரித்தது. மாமா எல்லாரையும்விட ஜாஸ்தி சிரித்தார். ஜூனியர் இடம் செல்விக்குப் போனது.

மூன்று வருடம் கழித்து, மாமா மகளைப் பெண் கேட்டுப் பெண்ணாடம் போனேன். (பெரியவர்கள் யாரையும் அனுப்பாமல் நானே. திமிர் இன்னும் முழுசாக இறங்கவில்லை.) மாமா காப்பி கொடுத்தார், பஸ்ஸில் கூட்டமா என்று விசாரித்தார், பிறகு, "குடுக்கறதா இல்ல மாப்ள" என்றார்.

"ஏன் மாமா?"

"அஞ்சாவது பிரிவு."

உள்ளே அத்தை சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணும் சிரித்தாள், அதுதான் வலித்தது. எங்கள் குடும்பத்தில் யார் எதை மறுத்தாலும் ஏன் என்று கேட்கலாம். எனக்கு மட்டும் இன்றைக்கும் அந்த உரிமை கிடையாது.