மைலரிடம் பெயிலான வண்டிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்றைக்கு ஓடித்திரிகிற மோட்டார் சைக்கிள்களில் பாதி, மைலரிடம் பெயிலானவை. மீதிப் பாதி அவர் கண்ணில் படாமல் தப்பியவை. பாஸானது ஒன்றே ஒன்று. அது என்னிடம் இருக்கிறது.

மைலர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் நான் வாடகைக்கு இருந்த ஒழுங்கையின் கடைசி வீட்டில் தனியே இருந்தார். பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கோயிலுக்குத் தேங்காய் கொண்டுபோக மறந்தாலும் மைலரைக் கொண்டுபோக மறக்கமாட்டார்கள். மீற்றரைப் பார்க்காமலே வண்டி எத்தனை மைல் ஓடியது என்று சொல்வதால் அந்தப் பெயர். முகத்துக்கு நேரே 'மாஸ்ரர்'. இத்தனைக்கும் அவரிடம் சொந்தமாக இருந்தது மிதித்து ஓடுகிற ஒரு துவிச்சக்கர வண்டி மட்டும்தான்.

எனக்கு அப்போது இலங்கையை ஒரு சுற்றுச் சுற்றிவரவேண்டும் என்று விசர் பிடித்திருந்தது. அதற்கு நெடுந்தூரம் களைக்காமல் ஓடுகிற பெரிய வண்டி வேண்டும். வண்டி இறக்குமதியை நிறுத்திவைத்திருந்த காலம் அது. பழைய வண்டி வைத்திருந்தவன் எல்லாம் ராசா. ஒரு உரப்பையையும் ரோர்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு மைலர் என் ஸ்கூட்டரில் ஏறினார்.

முதலில் குருநகர். வண்டிக்காரர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, பளபளவென்று துடைத்த வண்டிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை போல நின்றார்.

"கோயிலுக்கு மட்டும்தான் ஓடினது, மாஸ்ரர்."

"எந்தக் கோயில் மோனே? அங்கை மன்னாரிலை இருக்கிற மடுவோ?"

மைலர் போகிறபோக்கில் எஞ்சினில் கையை வைத்தார். "நாங்கள் வரமுதலே ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வச்சிருக்கிறாய். குளிரிலை ஸ்ராட் வராதோ?" பிறகு வண்டியின் பின்பக்கம் போய், இடப்புறம் குந்தி, பின்னால் இருப்பவர் கால் வைக்கிற றப்பரை ரோர்ச் அடித்துப் பார்த்தார். எந்த வண்டியானாலும் குந்திப் பார்ப்பதை அங்கேதான் தொடங்குவார். ஏனென்று கேட்டால், "முன்னுக்கு எல்லாத்தையும் மாத்துவாங்கள், இந்த றப்பரை மறந்துபோவாங்கள்" என்பார். கடைசியில் உரப்பையை விரித்துப் படுத்து, வண்டிக்கடியில் பாதி உடம்போடு மறைந்துபோனார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"மீற்றரிலை எட்டாயிரம். பிரேக் மிதி இரும்பு தெரியத் தேஞ்சுபோச்சு. நீ கோயிலுக்கு நடந்து போக, இது தனிய ஊர் சுத்தினதோ? நூறுக்குப் பதினெட்டுப் புள்ளி. பெயில்!"

"ஐயோ மாஸ்ரர், நான் உங்களிட்டைத்தான் படிச்சனான். கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ."

"அப்பவும் உனக்கு உதுதான் போட்டனான்."

இப்படியே கோண்டாவிலில் இருபத்தேழு, சாவகச்சேரியில் முப்பது. சாவகச்சேரிக்காரர் எங்களுக்குக் கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையைப் பாதியில் திருப்பி வாங்கிக்கொண்டார். எனக்கு வெறுத்துப்போன நேரத்தில்தான் மயிலிட்டியில் ஒரு வண்டி நிற்கிறதாம் என்று கேள்விப்பட்டோம்.

கடலுக்குக் கிட்ட, சண்டையில் இடம்பெயர்ந்துபோய்த் திரும்பிவந்து கட்டிய சின்ன வீடு. வண்டியை ஒரு பழைய சேலையால் போர்த்து வைத்திருந்தார் அந்த வீட்டு அம்மா. அவருடைய மகனின் வண்டி. போன மாரியில் கடலுக்குப் போனவன். படகு மட்டும் கரைக்கு வந்தது.

"மகள் கனடாவிலை இருந்து ஒரே ஆக்கினை, ஐயா. நான் இதைப் பாத்துப் பாத்து அழுறனாம். வித்துப்போடட்டாம்."

சேலையை எடுத்தார். ஆகா! நான் கனவில் கண்ட வண்டி. அந்த அம்மா சீற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

மைலர் வழக்கம்போல இடப்புறம் குந்தினார். வலப்புறம் போனார். திரும்ப இடப்புறம் வந்தார். இடது றப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. வலது, கடையில் வாங்கியதுபோலப் புதிது.

"பிள்ளை, பின்னுக்கு இருக்கிறது ஆர்?"

"நான்தான் ஐயா. சீலையோடை ஒரு பக்கமாத்தானே இருக்கலாம். வெள்ளிக்கு வெள்ளி மாவிட்டபுரம். போன ஆடிக்குக் கதிர்காமமும் கொண்டுபோய்க் காட்டினவன். 'இறுக்கிப் பிடியணை அம்மா, விழப்போறாய்' எண்டு வழி முழுக்கப் பேச்சு..."

மைலர் உரப்பையை விரிக்கவில்லை. எஞ்சினைத் தொட்டும் பார்க்கவில்லை. எழும்பி, வேட்டியைத் தட்டிவிட்டார்.

"பிள்ளை, இது பெயில். உள்ளுக்கை எல்லாம் உப்புப் பிடிச்சுப்போச்சு. ஒருத்தரும் வாங்காயினம்."

"மெய்யாவோ ஐயா? ஒருத்தருமே வாங்காயினமோ?"

"வாங்காயினம். மகளிட்டை நான் சொன்னனெண்டு சொல்லுங்கோ."

அந்த அம்மாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அவசரமாகச் சேலையை எடுத்து வண்டியைத் திரும்பப் போர்த்தார். யாராவது மனம் மாறிவிடுவார்களோ என்ற பயம் கையில் தெரிந்தது.

எனக்கென்றால் கொதி. பலாலி வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் ஸ்கூட்டரை நிற்பாட்டிக் கேட்டேவிட்டேன். "உண்மையைச் சொல்லுங்கோ மாஸ்ரர், அதுக்கு எத்தினை புள்ளி?"

"நூறு. அதுதான் பெயிலாக்கினனான்."

பிளேன்ரீயை ஊதி ஒரு வாய் குடித்தார்.

"என்ரை மனிசியும் உப்பிடித்தான் தம்பி, ஒரு பக்கமாத்தான் இருப்பாள். இடப்பக்க றப்பர் தேஞ்சு அவளுக்குக் கால் வழுக்குதெண்டு, அவளின்ரை பழைய செருப்பிலை ஒரு துண்டு வெட்டிக் கம்பியாலை கட்டிவிட்டனான். நீலச் செருப்பு. அவள் செத்தாப்பிறகு அந்த வண்டியைப் பாக்க ஏலேல்லை. எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிஞ்ச கையோடை வித்துப்போட்டன். வீட்டை வந்து வெறும் முற்றத்தைப் பாத்த உடனை விளங்கிச்சு. ஓடினன். வாங்கினவன் அதை வேறை ஆருக்கோ வித்துப்போட்டான். அவன் இன்னொருத்தனுக்கு."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் வெயிலென்றும் மழையென்றும் பாராமல், கூப்பிட்டவர்களுக்கெல்லாம் பின்னால் ஏறிப் போனது வண்டிகளுக்குப் புள்ளி போடுவதற்காக அல்ல. என் தேத்தண்ணி ஆறிப்போனது.

"இவ்வளவு காலத்துக்கு அந்தத் துண்டு கழண்டு விழுந்திருக்கும், மாஸ்ரர்."

"விழாது. நல்லா முறுக்கிக் கட்டினனான்."

பிறகு சுன்னாகத்தில் எனக்கொரு வண்டி அமைந்தது. நாற்பத்தொரு புள்ளி. "பாஸ்தான், ஆனா கெட்டிக்காரன் எண்டு நினையாதை" என்றார், வண்டியிடம்.

அதில் நான் இலங்கையைச் சுற்றிவந்தபோது மைலர் உயிரோடு இல்லை. நெஞ்சுவலி என்று படுத்தவர் எழும்பவில்லை. ஒழுங்கை முழுக்க மோட்டார் சைக்கிள்களாக நின்ற செத்தவீட்டை அன்றுதான் கண்டேன். எல்லாம் அவர் பெயிலாக்கியும் வாங்கப்பட்டவை. வாசலிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றின் இடப்புறத்தையும் குனிந்து பார்த்தேன்.

அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. எங்கே வண்டி நின்றாலும் பின்னால் போய்க் குந்திவிடுகிறேன். மட்டக்களப்பில் ஒருவர் கள்ளனென்று என் கொலரைப் பிடித்தார். தேடுகிற பொருளைச் சொன்னதும் கையை எடுத்துவிட்டு, அவரும் என்னோடு அங்கே நின்ற வண்டி வரிசை முழுக்கக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

நீலத் துண்டு இன்னும் அகப்படவில்லை, மாஸ்ரர். விழுந்திருக்காது. நீங்கள் நன்றாக முறுக்கித்தானே கட்டியிருப்பீர்கள்.