வாயில் வராத வேட்பாளர்

"காலையிலேருந்து எத்தனை வீடு போனே?" என்று கேட்டார் உச்சிமாகாளி.

"தீப்பெட்டி ஃபாக்டரிக்குப் பின்னால இருக்கிற தெரு முழுக்கப் போயிட்டு வந்துட்டேன்," என்றாள் அவர் மனைவி தங்கபுஷ்பம். வெயிலில் அவள் முகம் கன்றிப்போயிருந்தது.

"என்ன சொல்லி ஓட்டுக் கேட்டே?"

"மதார் சாகிப்புக்குப் போட்டுராதீக, மதார் சாகிப்புக்குப் போட்டுராதீகன்னு ஒரு வீடு விடாம சொல்லியிருக்கேன்."

"என் பேரை?"

தங்கபுஷ்பம் பதறிப்போனாள். "உங்க பேரை நான் எப்படிச் சொல்லுவேன்?"

உச்சிமாகாளி தலையில் அடித்துக்கொண்டார்.

திருவொற்றியூர் பஞ்சாயத்து போர்டுத் தேர்தலில் மளிகை மண்டி உச்சிமாகாளிக்கும் விறகுத்தொட்டி மதார் சாகிப்புக்கும் நேரடிப் போட்டி. வார்டில் பாதி ஓட்டு பெண்களுடையது. ஆண்களிடம் அவரே பேசிக்கொண்டார். பெண்கள் இருக்கும் வீட்டுக்குள் வேற்று ஆண் போய் நிற்பது கௌரவமான குடும்பத்தார் செய்கிற காரியமல்ல. அதனால் மனைவியை அனுப்பினார். ஆனால் அவர் குடும்பத்தில் புருஷன் பெயரை எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அவன் ஆயுள் குறையும். அம்மன் பெயரே புருஷனுக்கும் அமைந்துவிட்டதால், கோவிலில்கூடத் தங்கபுஷ்பம் "பெரிய தாயே" என்றுதான் கும்பிடுவாள். அதில் உச்சிமாகாளிக்கு இத்தனை நாளும் பெருமைதான்.

இப்போதோ பயம். தோற்றால் மெம்பர் பதவியோடு போகாது. மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன தூத்துக்குடிக்காரர், "தேர்தல் முடியட்டும், பேசிக்கிடுவோம்" என்று சொல்லியிருந்தார். ஊர் சிரிக்கத் தோற்றவன் வீட்டில் அவர் சம்பந்தம் வைப்பாரா?

"நாளையிலேருந்து யார் பேரையும் சொல்ல வேண்டாம். ஏணிச் சின்னத்துக்குப் போடுங்கன்னு மட்டும் சொல்லு, போதும்."

மறுநாள் தங்கபுஷ்பம் சந்தோஷமாகத் திரும்பி வந்தாள்.

"ஏணின்னு சொன்னேன். யாரு ஏணின்னு கேட்டாளுக. 'அவுக'ன்னேன். 'எவுக?'ன்னாளுக. எனக்கு வெக்கமாப் போச்சு. சிரிச்சுக்கிட்டு நின்னேன். ஒருத்தி, 'மதார் சாகிப்பா?'ன்னு கேட்டுட்டா. விடுவேனா? 'மதார் சாகிப்பு தராசு, நல்லா நெனப்புல வச்சுக்கோங்க'ன்னு அழுத்தமாச் சொல்லிட்டு வந்தேன்."

அன்று மாலை தெருக்குழாயடியில் பெண்கள், "மதார் சாகிப்பு தராசு, மதார் சாகிப்பு தராசு" என்று சொல்லிச் சிரித்தது மண்டி வரைக்கும் கேட்டது. உச்சிமாகாளிக்குச் சோறு இறங்கவில்லை.

மண்டியில் பருப்புப் புடைக்கிற ராஜாத்தியைக் கூப்பிட்டார். அவள் குரல் நாலு தெருவுக்குக் கேட்கும்.

"அம்மா கூடவே போ. அவ பேச்சை நிறுத்துற இடத்துல நீ என் பேரைச் சொல்லிரு."

"இன்னா நைனா, இம்மாம் பெரிய மன்சன், இதுக்குப் போய் பேஜாராய்க்கினு! ஒன் பேரை அப்டியே தூக்கி நிறுத்திட்றேன் பாரு," என்று கிளம்பினாள் ராஜாத்தி.

நிறுத்தத்தான் செய்தாள். மாலையில் கணக்குப்பிள்ளை ஞானதுரை தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அண்ணாச்சி, வெளியில ஒரு பேச்சு..."

"என்ன பேச்சு?"

"பேரைச் சொல்லாதவுக சம்சாரம், சரி. 'நம்ம உச்சிமாகாளி, நம்ம உச்சிமாகாளி'ன்னு கூடவே ஒருத்தி உரிமையாச் சொல்லிக்கிட்டு வாறாளே, அவ அண்ணாச்சிக்கு என்ன முறைன்னு..."

"வாயை மூடுலே!" உச்சிமாகாளி மூட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "தூத்துக்குடிக்குப் போயிருக்குமா?"

"இன்னும் போயிருக்காது அண்ணாச்சி. தபால்லதானே போகணும்."

ராஜாத்தியைத் திரும்பவும் முறத்தடிக்கே அனுப்பினார். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், வேறு வழியில்லாமல், கதவைச் சாத்திவிட்டு மனைவி எதிரில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு வரிசையில நிக்கிற பொம்பளைகள்ட்ட ஒரு தரம் சொன்னாப் போதும். இப்பச் சொல்லிப் பழகு."

தங்கபுஷ்பம் தாலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டுதுன்னா?"

"ஒண்ணும் ஆகாது. நான்தானே சொல்லுதேன்."

அவள் கண்ணை மூடினாள். உதடு கோணியது. "உச்..."

உச்சிமாகாளிக்கு நெஞ்சுக்குள் யாரோ பிசைவது போலிருந்தது. கோர்ட்டில் சாட்சி சொல்லப் போன சித்தி, ஜட்ஜ் அதட்டவே புருஷன் பெயரைச் சொன்னதும், அந்த வருஷமே சித்தப்பா போய்ச் சேர்ந்ததும் ஞாபகம் வந்தது.

"நிறுத்து! சொல்லாதே!" என்று அலறினார். "தோத்தாலும் உசிரோட தோத்துக்கிடுதேன்!"

வாக்குப்பதிவு அன்று பெண்கள் வரிசை தேரடி வரை நீண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். தோல்வி உறுதி என்று உச்சிமாகாளி வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

ஓட்டு எண்ணும் நாளில் மண்டியின் கதவுப் பலகைகளைப் பாதி அடைத்துவிட்டு உள்ளே இருட்டில் இருந்தார். வெளியே ஆள் ஓடிவரும் சத்தம் கேட்டதும் மீதிப் பலகையையும் அடைக்கப் போனார்.

"அடைக்காதீங்க அண்ணாச்சி!" என்று கத்தினான் ஞானதுரை. "ஜெயிச்சுட்டோம்! ஆம்பளை ஓட்டுல பின்தங்கித்தான் இருந்தோம். பொம்பளைக பெட்டியைத் திறந்தாக, அவ்வளவும் ஏணி!"

கழுத்தில் மாலை விழுந்தது. உச்சிமாகாளியின் முதுகு பழையபடி நிமிர்ந்தது. மண்டி வாசலில் கூடியவர்களிடம் கம்பீரமாகச் சொன்னார்: "புருஷன் பேரைச் சொல்லாத பொம்பளைக்கு ஊர் குடுத்த மரியாதை இது!"

துவரம்பருப்பு வாங்க வந்திருந்த தீப்பெட்டி ஃபாக்டரி ஆலிஸ் அதைக் கேட்டுத் தலையாட்டினாள்.

"ஆமா நைனா, மதார் சாகிப் சம்சாரம் அஜீசுன்னிசாவும் அப்டித்தான், புருசன் பேரைச் சொல்லவே சொல்லாது; 'உச்சிமாகாளிக்குப் போடாதீங்க, ஏணிக்குப் போடாதீங்க'ன்னு கடைசி நாள் வரைக்கும் வூடு வூடா வந்து ஒன் பேரைத்தான் சொல்லிக்கினு இருந்துச்சு."