முகூர்த்தப் புடவை கறுத்த ஞாயிற்றுக்கிழமை

நான் ஒரு சந்தேகப் பிராணி. இப்போது இதைக் கொஞ்சம் கூச்சத்தோடு சொல்கிறேன். அந்த நாட்களில் இதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வேலை அப்படி. கார் விபத்துக்கு இன்ஷூரன்ஸ் கேட்டு வருகிறவர்கள் சொல்வது உண்மையா என்று பார்க்க வேண்டும். மாடு குறுக்கே வந்தது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், அது என்ன நிறத்து மாடு என்று கேட்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தக் கேள்வியை ஆபீசிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வரும் வழக்கம் எனக்கு இருந்ததில்லை.

என் மாமனாருக்குத் திருநெல்வேலி பூர்வீகம். தி. நகரில் ஜவுளிக்கடை, அபிராமபுரத்தில் வீடு. எதிரில் நிற்பவனை நம்பித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஷட்டரைத் திறக்கவே முடியாது என்பது அவருடைய தொழில் தர்மம். என் மைத்துனன் சங்கருக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கல்யாண வீடியோ வந்து சேர்ந்ததும், அடையாற்றுச் சம்பந்தி வீட்டாரை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்து, எல்லோருமாக உட்கார்ந்து அதைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அதற்காகவே ஒரு பெரிய டிவி வாங்குவது என்றும் முடிவாயிற்று. மாமா தனியாகப் போயிருந்தால் அரை மணி நேரத்தில் வாங்கியிருப்பார். நான் கூட வருகிறேன் என்றேன். (யாரும் கூப்பிடவில்லை.)

மூன்று வாரம் யூடியூபில் படித்தேன். ஒரே காட்சியில் கடும் வெளிச்சமும் கடும் இருட்டும் வந்தால் இரண்டையும் கெடாமல் காட்டுகிற வித்தைக்கு எச்.டி.ஆர். என்று பெயர். வித்தை ஒன்றுதான், அதற்குள் கட்சிகள் பல. ‘டென்’ என்பது பழைய கட்சி. படம் முழுவதற்கும் ஒரே அளவைச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். அதற்கு மேலே, காட்சிக்குக் காட்சி அளவை மாற்றிச் சொல்கிற இரண்டு கட்சிகள். ஒன்று ‘டென் பிளஸ்’. இன்னொன்று பெயரில் ‘விஷன்’ என்று வருவது. பல டிவிகளில் இது இருந்தால் அது இருக்காது. இரண்டும் இருக்கிற டிவிகளும் உண்டு. ஆனால் இரண்டு கட்சியிலும் ஒரே நேரத்தில் உறுப்பினராக இருப்பவனை எப்படி நம்புவது என்று அவற்றை நான் முதல் வாரத்திலேயே தள்ளிவிட்டேன்.

தி. நகர் கடையில் எங்களைக் கவனித்தவர் அன்வர் பாய். ஐம்பது வயது இருக்கும். அந்தக் கடையிலேயே இருபது வருஷத்துக்கு மேலாக இருப்பவர். நான் விஷனா, பிளஸ்ஸா என்று ஆரம்பித்ததும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாமாவின் பக்கம் திரும்பி, என்ன பார்ப்பீர்கள் என்று விசாரித்தார். செய்தி, பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்றார் மாமா. அடுத்து, ஹாலில் ஜன்னல் எந்தப் பக்கம், பகலில் எவ்வளவு வெளிச்சம் வரும் என்று கேட்டார். எனக்குள் உடனே எச்சரிக்கை மணி அடித்தது. டிவி விற்பவனுக்கு எங்கள் ஜன்னல் எதற்கு? மாமாவோ ஜன்னல், கதவு, பால்கனி என்று மொத்த வீட்டையும் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார்.

நான் என் பென் டிரைவை எடுத்தேன். இருட்டு அறையில் ஒரு மெழுகுவத்தி பன்னிரண்டு நிமிஷம் எரிகிற வீடியோ அதில் இருந்தது. இரண்டு டிவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிடச் சொன்னேன். பன்னிரண்டு நிமிஷமும் பார்த்தேன். மாமாவையும் பார்க்க வைத்தேன். மிக்சி வாங்க வந்த ஒரு குடும்பம் யாரோ தவறிப்போன செய்தி என்று நினைத்துக் கொஞ்ச நேரம் மௌனமாக நின்றுவிட்டுப் போனது. நடுவில் டிவிகளின் பின்பக்கமும் எட்டிப் பார்த்தேன். எதைத் தேடினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்வர் பாய் பிளஸ் வகை டிவி ஒன்றைச் சிபாரிசு செய்தார். எங்கள் ஹால் வெளிச்சத்துக்கு அதுதான் சரி என்றார். எனவே விஷன் வகையை வாங்கினோம். எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை காலை டிவி வந்தது. மாட்டிவிட்டுப் போனார்கள். பூஜை போட்டோம். சாயங்காலம் மாமா செய்தி வைத்தார். கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே என்றார். உண்மையான படம் இப்படித்தான் இருக்கும், இத்தனை நாள் நாம் பார்த்தது மிகைப்படுத்தப்பட்ட வெளிச்சம், இயக்குநர் மனதில் நினைத்த இருட்டை இந்த டிவி அப்படியே கொண்டுவருகிறது என்று நான் விளக்கினேன்.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“செய்தி வாசிக்கிறவருக்கு எந்த இயக்குநர் மாப்ள?”

மறுநாள் சம்பந்தி வீட்டார் ஏழு பேர் வந்தார்கள். சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டு சுற்றி வந்து, வீடியோ ஆரம்பித்தது. மாப்பிள்ளை அழைப்பு, ஏதோ ரகசியமாக நடந்த காரியம் மாதிரித் தெரிந்தது. முகூர்த்தம் வந்தபோது கல்யாணப் பெண் கறுப்புப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். அது அரக்குப் பட்டு. மாமாவே தன் கடையில் நின்று எடுத்துக் கொடுத்தது. பெண்ணின் அத்தை கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவர். முகூர்த்தத்துக்கு யாராவது கறுப்பு கட்டுவார்களா என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். மண்டபம் அவர்கள் பொறுப்பில் இருந்ததால் சம்பந்திக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. மண்டபத்தில் விளக்கெல்லாம் குறைவில்லாமல்தான் போட்டிருந்தோம் என்று பொதுவாக அறையைப் பார்த்துச் சொன்னார். சம்பந்தியம்மா மட்டும், பரவாயில்லை, நாதஸ்வரம் நன்றாகக் கேட்கிறது என்றார்.

“என்ன மாப்ள, எல்லாரும் இருட்டுக்குள்ள நடமாடுதாவ?” என்றார் மாமா.

ஒரு நாள் முன்னால் இயக்குநரின் இருட்டு என்று சொன்ன அதே வாயால், இது மோசடி என்றேன். கடையில் பார்வைக்கு வைத்திருந்த பழைய டிவியைத் தலையில் கட்டிவிட்டார்கள், அல்லது வீடியோக்காரர் பிளஸ்ஸில் எடுத்துவிட்டு நம்மிடம் மறைத்திருக்கிறார், இரண்டில் ஒன்று என்றேன். வீடியோக்காரருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன், எல்லோரும் கேட்கட்டும் என்று.

“சார், அது சாதா வீடியோ சார். அதுல எச்.டி.ஆரே கெடையாது,” என்றார் அவர்.

மூன்று வாரப் படிப்பு அந்த இடத்தில் முடிந்தது. ஆனால் நான் ஓயவில்லை. அப்படியானால் டிவிதான் குற்றவாளி என்று கடை மேனேஜரைப் போனில் பிடித்தேன். அன்வர் பாயின் பெயரைச் சொல்லி, ‘திட்டமிட்ட மோசடி’ என்ற சொற்களோடு ஒரு மெயிலும் அனுப்பினேன். சம்பந்தி அதை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக இன்னும் இரண்டு வரி சேர்த்து மறுபடி அனுப்பினேன்.

முக்கால் மணி நேரத்தில் அன்வர் பாய் ஒரு மெக்கானிக்கோடு வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. என் மனைவி கோமதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் கேள்விகளை வரிசையாக அடுக்கினேன். பெட்டியின் ஒட்டு நாடா ஏன் ஒரு மூலையில் கோணலாக இருந்தது என்பது நாலாவது கேள்வி. அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் டிவிக்கு முன்னால் குந்தினார். திரையின் கீழ் விளிம்பில், சரியாக நடுவில், விரலை வைத்துத் தடவினார். விரலை மோந்து பார்த்தார்.

“சார், இது இன்னா சார், சந்தனமா?”

ஐந்தாவது கேள்வியை நான் விட்டுவிட்டேன்.

“இங்கதான் சார் இதுக்குக் கண்ணு கீது. ரூம்ல எவ்ளோ வெளிச்சம்னு இதான் பாத்துக்கும். அது மேல சந்தனத்த அப்பிட்டா, ராத்திரி ஆயிடுச்சுன்னு நெனச்சுக்கினு லைட்ட கம்மி பண்ணிடும்.”

ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்தார். திரை மெல்ல மெல்ல விடிந்தது. கல்யாணப் பெண்ணின் புடவை கறுப்பிலிருந்து பழுப்பாகி, பழுப்பிலிருந்து அரக்காகி, ஜரிகை மின்னியது. சம்பந்தியம்மா நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கேமரா விருந்தினர் பக்கம் திரும்பியது. முதல் வரிசையில் நான், பளிச்சென்று, கையில் அட்சதையோடு, கேமராக்காரரை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார் பொட்டு வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. சனிக்கிழமை பூஜையில், மையம் தவறக் கூடாது என்று அளவுகோல் வைத்துப் பார்த்து, சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தவன் நான். வீட்டில் அத்தனை பேரும் அதைப் பார்த்திருந்தார்கள். கோமதி என்னைப் பார்க்காமல் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்வர் பாய்தான் பேசினார். “நானே சொல்லியிருக்கணும் சார். புது டிவின்னா எல்லாரும் பொட்டு வெப்பாங்க. எனக்குத் தெரியும். மறந்துட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த மெயிலை மட்டும் திருப்பி வாங்கிட்டீங்கன்னா நல்லாருக்கும். மேனேஜர் நாளைக்கு என்னை வர வேணாம்னு சொல்லியிருக்கார்,” என்றார்.

விபத்து நடந்த பிறகு வண்டியோட்டியவர்கள் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து எச்சில் விழுங்குவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. போனிலேயே சொல்லிவிடலாம் என்று எடுத்தேன். மாமா என் கையிலிருந்து போனை வாங்கி ஓரமாக வைத்தார். எழுத்தில் புகார் கொடுத்தால் நேரில் போய்த்தான் எடுக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான் சொன்னார், கோபமாகக்கூட இல்லை.

திங்கட்கிழமை கடை திறக்கும்போது வாசலில் நின்றேன். மேனேஜர் என்னை உட்காரச் சொல்லாமல் வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார். வாஷிங் மெஷின் ஒன்றின் மேல் தாளை வைத்து, சந்தனம் வரைக்கும் விவரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விற்பனையாளர்கள் எல்லோரும் தூசி தட்டுகிற சாக்கில் சுற்றி நின்றார்கள். அன்வர் பாய்க்கு ஆள் அனுப்பினார்கள். பதினொரு மணிக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போல அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் நாக்கு வெந்துவிட்டது. அது ஆறும் வரை அங்கே நிற்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தது, ஏ.சி. வந்தது, சங்கரின் குழந்தைக்காகச் சின்ன வாஷிங் மெஷின் வந்தது. எல்லாம் அன்வர் பாய் கையால்தான். எதையும் நான் கடையில் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்ப்பேன். சம்பந்தி வீட்டிலும் இப்போது அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் கிரைண்டர் மாற்ற வேண்டியிருந்தது. மாமா ஹாலில் உட்கார்ந்து அன்வர் பாய்க்குப் போன் போட்டார். நலம் விசாரித்தார். மகள் படிப்பை விசாரித்தார். பிறகு, “பாய், மாப்ள ஊர்ல இல்ல. இன்னைக்கு வரட்டுமா?” என்றார்.

நான் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பிக்கொண்டேன்.